ஆட்டோ ஏறிய என் ஜோக்குகள்

நாற்பது நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. அழுதால் சத்தம் வரும். சத்தமும் கூடாது என்று சொல்லிவிட்டார்.

என் பெயர் கஸ்தூரிரங்கன். பகலில் அண்ணா சாலையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலமானால் மைக் முன்னால் தனியாளாக நின்று ஒரு மணி நேரம் ஜனங்களைச் சிரிக்கவைக்கிறவன். கல்யாண ரிசப்ஷன், சபா ஆண்டு விழா, அடையாறில் ஒரு சஷ்டியப்த பூர்த்தி என்று பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தேன். என் நிகழ்ச்சியில் நூறு ஜோக் என்றால் தொண்ணூறு என் மனைவியைப் பற்றியது. மீதிப் பத்து அவளுடைய அம்மாவைப் பற்றியது.

1994 அக்டோபரில், தி.நகரில் ஒரு ரிசப்ஷனில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் போயிற்று. "என் பெண்டாட்டி" என்று ஆரம்பித்தேன். 'பெண்' வரைக்கும் வந்தது. மீதி காற்றாகப் போயிற்று. ஜனங்கள் அதையும் ஜோக் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அன்றைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான்.

ராயப்பேட்டையில் தொண்டை டாக்டர் வேதாந்தம் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். குரல் நாணின் மேல் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். கத்திக் கத்தி வந்தது. பேசாமல் இருந்தால் கரையும். பேசினால் குரலே போய்விடும். முணுமுணுக்கக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிட மோசம்.

என் மனைவி சூடாமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடையாறில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

"மூணு முடிச்சு போட்டவருக்கு ஒரு முடிச்சு தாங்கலை, டாக்டர்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் டார்ச் கீழே விழுந்தது. நான் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டேன். என் பெயரில்.

மறுநாள் எங்கள் மயிலாப்பூர் சிரிப்புச் சங்கத்தின் செயலாளர் ராஜரத்தினம் வீட்டுக்கு வந்தார். டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. தி.நகரில் ஹால் பிடித்தாகிவிட்டது. அதில் ஒரு மணி நேரம் வருஷா வருஷம் என்னுடையது. அவர் ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டு, இந்த வருஷம் நான் சிரமப்பட வேண்டாம், சாய்நாத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். சாய்நாத் இருபத்துநாலு வயசு மிமிக்ரிக்காரன். வாயாலேயே ரயில் விடுவான். நான் தலையை ஆட்டி மறுத்தேன். ராஜரத்தினம் கொஞ்சம் தயங்கி, போன வருஷம் என்னுடைய ஜோக்குகளை ஜனங்களும் கூடவே சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை மெதுவாகத் தெரிவித்தார்.

அது சுட்டது. புதிதாக வாங்கிய சிலேட்டை எடுத்து எழுதினேன்: நான்தான் வருவேன். அத்தனையும் புதுசு.

அன்றைக்கே சபதம் எடுத்துக்கொண்டேன். நாற்பது நாள். ஒரு நாளைக்குப் பத்து ஜோக். மொத்தம் நானூறு. அதில் தேறுகிற அறுபதை மேடைக்கு எடுத்துக்கொள்வது. தொண்டைக்குத்தான் ஓய்வு, மூளைக்கு இல்லை.

காலை ஐந்து மணிக்கு நோட்டுப் புத்தகத்துடன் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். ஏழு மணி வரை உட்கார்ந்தேன். காக்கைக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது. ஜோக் ஏற்படவில்லை. விடவில்லை. பார்க்கில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ்ஸில் நின்று பார்த்தேன். ஒரு வாரத்தில் பதினாறு தேறியது. அதில் பதினாலு நான் ஏற்கெனவே சொன்னது.

அப்போதுதான் கஷ்டம் எங்கே என்று புரிந்தது. ஜோக் என்பது சொல்லிப் பார்க்கிற சமாசாரம். நான் எழுதி யோசித்தவனே இல்லை. ஆபீஸ் கேண்டீனில் நாலு பேரிடம் வாயாடி, எவன் எங்கே சிரிக்கிறான் என்று பார்த்து, அதை மேடைக்குக் கொண்டுபோனவன். காகிதம் சிரிக்காது. கண்ணாடி முன்னால் நின்று வாயை மட்டும் அசைத்துப் பார்த்தேன். தொட்டி மீன் மாதிரி இருந்தது.

மனைவி சம்பந்தமில்லாத ஆறு ஜோக்கை எழுதி சூடாமணியிடம் நீட்டினேன். அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டு இடத்தில் ஒற்றெழுத்துப் போட்டாள். கடைசியில் எழுதினாள்: 'விடை சரி. வழிமுறை காட்டவில்லை.'

மனைவி ஜோக்குகளை அவளிடம் காட்ட வழியில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை என் நிகழ்ச்சிக்கு வந்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் ரசத்தில் பெருங்காயம் இல்லை. மறுபடி வரவும் இல்லை.

இதற்கு நடுவில் வீட்டில் கைதட்டல் முறையை அமலுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு தட்டு என்றால் காபி. இரண்டு என்றால் துண்டு. மூன்று என்றால் சிலேட்டைக் காணோம். சூடாமணி காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

எட்டாம் நாள் வழி பிறந்தது. எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் துரைராஜ் என்று ஒருவர். நிகழ்ச்சிக்கு என்னை வழக்கமாகக் கூட்டிப்போகிறவர். ஹாலின் கடைசியில் நின்று கேட்டு, திரும்பும்போது எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று சொல்லுவார். அன்றைக்கு என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார், ஒரு வாரமா சவுண்டே காணோம். வூட்ல எதுனா பிரச்னையா?"

சிலேட்டில் விவரம் எழுதிக் காட்டினேன். எழுதும்போதே மின்னல் அடித்தது. ஒரு நாளைக்கு இருபது சவாரி. ஏறினவர் பாதியில் எழுந்து போக முடியாது. அடையாறு, தி.நகர், கே.கே. நகர் என்று எல்லா ஊர்ச் சிரிப்பும் கிடைக்கும். இப்படி ஒரு சபா யாருக்கு வாய்க்கும்?

ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் காலையில் ஐந்து ஜோக்கைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவேன். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே சவாரிகளிடம் சொல்லுவார். சாயங்காலம் தீர்ப்பு. மனைவி ஜோக்குகள்தான். துரைராஜ் முதல் சீட்டைப் படித்துவிட்டு, வீட்டு அம்மாவைப் பற்றித் தப்பாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தார். நான் சிலேட்டில் 'கலை' என்று எழுதினேன். அவர் அதையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சீட்டைக் காக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் ஐந்து நாள் பிரமாதமாக நடந்தது. ஒரு வக்கீல் சிரித்துக்கொண்டே இறங்கிக் குடையை மறந்துவிட்டார் என்று கேட்டபோது எனக்கு மாலை விழுந்த மாதிரி இருந்தது. தீபாவளி வந்தது. ஊரெல்லாம் வெடித்தது. நான் மட்டும் வெடிக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழையோடு என் ஜோக்குகளும் நமுத்துப்போயின. துரைராஜ் தினமும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை என்பார். ஒரு பெண்மணி மந்தைவெளிக்குப் போகிறவர், லஸ் கார்னரிலேயே இறக்கிவிடச் சொல்லிவிட்டாராம். பதினெட்டாம் நாள் நான் சிலேட்டில் எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றேன்.

துரைராஜ் என் முகத்தைப் பார்த்தார். "ஒரு சவாரி ஒண்ணு சொன்னாங்க சார். சொல்லட்டா?"

ஒரு பெண்மணி தன் வீட்டுக்காரரை ஆறு முருங்கைக்காய் வாங்க அனுப்பியிருக்கிறார். முற்றலா என்று முறுக்கிப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். மனுஷர் ஒவ்வொன்றாக முறுக்கி ஆறையும் உடைத்துவிட்டார். கடைக்காரர் முறைத்தாராம். பயந்துபோய் உடைந்த ஆறையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உனக்கு நறுக்குகிற வேலை மிச்சம் என்றாராம்.

சத்தம் வரக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. உடனே எழுதிக்கொண்டேன். யார் அந்தச் சவாரி என்று சிலேட்டில் கேட்டேன். அடையாறு போகிறவர், மழை பெய்தால் நம்ம வண்டிதான் என்றார் துரைராஜ்.

அதற்கப்புறம் தினமும் இரண்டு மூன்று வந்தது. எல்லாம் அந்தப் பெண்மணியின் வீட்டுக்காரரைப் பற்றி. என்ன மனுஷர் அவர். ஊரைச் சிரிக்கவைக்கப் போகிறேன் என்று கிளம்பி, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டுகிறவர். அடுத்தவர் சொன்னதைத் தன் டைரியில் எழுதிக்கொள்கிறவர். ஒரு நாள், பல் பிடுங்கிக்கொண்டு பேச முடியாமல் கிடந்தவர், காபி வேண்டும் என்று மனைவியைக் கைதட்டிக் கூப்பிட்டாராம். என்னைப் போலவே யோசிக்கிற இன்னொருத்தர் இந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்த அம்மாளை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் கணக்கெடுத்தேன். கையில் அறுபத்திரண்டு ஜோக். ஐம்பத்தொன்று அந்தச் சவாரி சொன்னது. என் மனைவி ஜோக்குகளை ஒதுக்கினேன். 'ஒரு வீட்டுக்காரர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று போட்டேன். தனியாளாக மேடையில் நிற்கிறவன் தன்னைப் பற்றிச் சொன்னால்தான் எடுபடும். வாயை மட்டும் அசைத்து, அத்தனையையும் மனப்பாடம் செய்தேன்.

நாற்பதாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். முதல் வார்த்தைக்கு நிறைய யோசித்துவைத்திருந்தேன். வந்தது 'காபி'.

சூடாமணியிடம், இந்தத் தடவை அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அப்படியானால் தானும் வருவதாகச் சொன்னாள். சாருலதா டீச்சர் முதலாக எட்டு டீச்சர்களுக்கும் டிக்கெட் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. ஹால் நிறைந்திருந்தது. மேடையின் ஓரத்தில் சாய்நாத், நான் விழுந்தால் ஏறுவதற்குத் தயாராக நின்றான். முதல் ஜோக் முருங்கைக்காய். ஹால் அதிர்ந்தது. அதில் ஒன்றைக் கவனித்தேன். பதினைந்து வருஷமாக என் நிகழ்ச்சியில் ஆண்கள்தான் சிரிப்பார்கள். பெண்கள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். இன்றைக்குப் பெண்கள் முந்தினார்கள்.

மூன்றாம் வரிசையில் டீச்சர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சூடாமணியைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுவும் நான் முடிப்பதற்கு முன்பே. எனக்கு ஏதோ உறுத்தியது. கைதட்டல் ஜோக்குக்கு வந்தேன். பல் வலி, காபி, கைதட்டிக் கூப்பிடுவது எல்லாம் சொன்னேன். கடைசி வரி: 'அவள் வந்து நின்று சொன்னாள், பதினெட்டு வருஷத்தில் இப்போதுதான் எனக்குக் கைதட்டுகிறீர்கள்.'

அந்த வரியைச் சொல்லும்போது சூடாமணியைப் பார்த்தேன். கைப்பையின் மேல் கைகளை வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. என் வாயைவிட அரை வினாடி முன்னால்.

ஹால் முழுவதும் கைதட்டியது. டீச்சர்கள் எழுந்து நின்று அவள் பக்கம் திரும்பித் தட்டினார்கள். கடைசி வரிசையில் காக்கிச் சட்டையில் துரைராஜ். என் கண்ணைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

கடிகாரத்தில் இன்னும் இருபத்தெட்டு நிமிஷம். பழைய ஜோக்குக்குப் போனால் ஜனங்கள் கூடவே சொல்லுவார்கள். நிறுத்தினால் சாய்நாத் ரயில் விடுவான். கையில் இருப்பதெல்லாம் அவளுடையது. காது சூடாகி, முதுகில் வேர்வை ஓடியது. பதினைந்து வருஷம் இவள் சமையலறையில் இருந்துகொண்டு இப்படித்தான் வேர்த்தாளோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போவது என்று முடிவு செய்தேன்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். சாவியைச் சொன்னேன். டைரியைச் சொன்னேன். ஒரு இடத்தில் வரி மறந்துபோயிற்று. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். உதடு அசைந்தது. பார்த்துச் சொன்னேன். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய சிரிப்பு. முடிந்ததும் ராஜரத்தினம் மேடைக்கு ஓடிவந்து, இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

மறுநாள் விடிகாலை சூடாமணி சாப்பாட்டு மேஜையில் பரீட்சைப் பேப்பர் மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மழை ஆரம்பிச்ச அன்னிக்கு. பஸ் வரலை, துரைராஜ் வண்டில ஏறினேன். பாக்கெட்ல என்ன அவ்வளவு சீட்டுன்னு கேட்டேன். பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அஞ்சையும் எடுத்துக் குடுத்துட்டார்." நிமிராமலே சொன்னாள். "யாரும் சிரிக்கலைன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னதும் நான்தான்."

"அன்னிக்கே என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே, சூடா."

"போட்டிருந்தா நீங்க சிலேட்டுல பதில் எழுதுவேள். உடனே துடைச்சுடுவேள். மேடைல சொன்னதைத் துடைக்க முடியாதோன்னோ."

  நன்றாக எழுதியிருந்தாய் என்றேன். இதை அவளிடம் நான் முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. அந்த இளகலை நம்பி, இது என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன்.

டீச்சர்களிடம் விஷயம் தெரிந்துகொண்டு, ராஜரத்தினம் நேற்றே பொங்கலுக்கு இன்னொரு மணி நேரம் கேட்டிருக்கிறார் என்றாள். என்னிடம் இல்லை, அவளிடம்.

"நீங்க பேசாம இருந்த நாப்பது நாள்தான் எனக்கு நிம்மதியா யோசிக்க முடிஞ்சுது. அதனால இனிமே காலம்பற அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் நான் எழுதப் போறேன். அதுவரைக்கும் ஆத்துல ஒரு சத்தம் வரப்படாது."

இது என்ன நியாயம் என்று கேட்க வாயைத் திறந்தேன். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஆறேகால். மூடிக்கொண்டேன்.