நெஞ்சுக்குள் எம்.பி.பி.எஸ்.

மருத்துவ உலகத்துக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு. டாக்டர் ஆவதற்கு இனி உயிரியல் வேண்டாம், வேதியியல் வேண்டாம், மாதிரித் தேர்வு வேண்டவே வேண்டாம். யார் டாக்டர் ஆவார் என்பதை அவரவர் நெஞ்சே சொல்லிவிடும். அதைக் கேட்கத் தெரிந்த காது இந்தப் பூமியில் ஒரே ஒரு ஜோடிதான். அந்த ஜோடி சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலைக் கல்யாண மண்டபத்தில், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கிடைக்கும். மதியம் இரண்டு மணி நேரம் காதுகளுக்கு ஓய்வு.

காதுகளின் சொந்தக்காரர் இதயநாதச் சித்தர். மார்பில் தங்கப் பதக்கம் தொங்கும். அகில பிரபஞ்சப் பல்கலைக்கழகம் கொடுத்ததாம். அது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையைச் சேர்க்கும் கல்லூரி பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை அடி என்று விசாரிக்கிற ஊர், பிரபஞ்சம் என்றதும் விசாரணையை முடித்துக்கொண்டது.

முறை எளிது. வருகிற குடும்பம் புது ஸ்டெத்தாஸ்கோப் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும். சித்தர் அதையே காதில் மாட்டி, பிள்ளையின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளேயிருந்து ஒரு குரல் படிப்பின் பெயரைச் சொல்லும். பிளஸ் டூ முடித்த நெஞ்சு என்றால் எம்.பி.பி.எஸ். பார்மசி, பிசியோதெரபி என்று ஒரு நெஞ்சும் இதுவரை வாய் திறந்ததில்லை. கல்லூரியில் படிக்கிற நெஞ்சு என்றால் பல்கலைக்கழக முதல் ரேங்க். ஒரே வகுப்பில் பதினோரு பேருக்கு முதல் ரேங்க் கேட்டது. பதினோரு பேரும் ஒரே ஆட்டோவில் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள்.

மார்க் போதவில்லையே என்று கேட்டால், அது நெஞ்சின் குற்றமல்ல, நெஞ்சில் அடைப்பு. திறக்க ஒரு வருஷப் பயிற்சி. சேர்க்கை மண்டபத்திலேயே நடக்கும்.

விசைத்தறி ஓட்டும் காளிராஜ் தன் மகள் விஜிதாவோடு வரிசையில் நின்றார். விஜிதாவுக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் கிடைத்திருந்தது. அவளே விரும்பிக் கேட்ட படிப்பு. சேர மறுநாள் மாலை ஐந்து மணி கடைசி. சித்தர் எம்.பி.பி.எஸ். என்று சொல்லிவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பயிற்சியில் சேர்ப்பது என்று காளிராஜ் முடிவு செய்திருந்தார். சித்தர் வேறு எதைச் சொல்லப் போகிறார்?

"எப்பா, நாளைக்குப் போகலைன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிரும்."

"போனாப் போவுது. நர்ஸு என்னட்டி நர்ஸு?"

"போன மாசம் காய்ச்சல்ல ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, மூணு நாளும் உங்களைப் பாத்துக்கிட்டது யாரு?"

"அந்தப் பிள்ளை தங்கமான பிள்ளைதான். அதுக்காவ நீயும் அப்படி ஆவணுமா?"

பின்னால் நின்ற மளிகைக்கடைத் தங்கப்பழம், தன் மகன் அபிஷேக்கைக் கையில் பிடித்திருந்தார். "வே காளிராஜு, பிள்ளையப் பேசவிடாதேயும். எம்.பி.பி.எஸ். வார நேரத்துல வேற ஏதாவது வந்துரப் போவுது."

விஜிதாவின் முறை வந்தது. அவள் கொண்டுவந்த ஸ்டெத்தாஸ்கோப்பைச் சித்தர் மாட்டினார். கண் மூடினார். முகம் மலர்ந்தது.

"ஆகா! எம்.பி.பி.எஸ்., எம்.பி.பி.எஸ். என்று இருமுறை ஒலிக்கிறது. நர்சிங்கை உன் நெஞ்சு ஏற்கவில்லை, பெண்ணே!"

"தெளிவாக் கேக்குதா சாமி?" என்று கேட்டாள் விஜிதா.

"கோயில் மணி போல் கேட்கிறது."

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"பெண் குரல். தேன் குரல்."

"எங்க அப்பாவும் ஒருக்காக் கேக்கட்டும் சாமி."

"அந்தக் குரல் ஞானிகளுக்கு மட்டுமே கேட்கும்."

"குரல் வேண்டாம். உங்க நெஞ்சுத் துடிப்பு போதும். அதுக்கு ஞானம் வேண்டாம்லா?"

மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க வழியில்லை. சித்தர் பதக்கத்தை ஒதுக்கி மார்பைக் காட்டினார். காளிராஜ் குழாயை மாட்டினார். நெற்றி சுருங்கியது.

"சாமி, ஒண்ணுமே கேக்கலியே."

"பொழுதன்னைக்கும் தறிச் சத்தத்துல கெடக்குற காது, இடியே கேக்காது வே அதுல! இங்கன கொண்டாரும்" என்று தங்கப்பழம் பிடுங்கி மாட்டினார். இடப்பக்கம் வைத்தார். வலப்பக்கம் வைத்தார். அலறினார்.

"ஏய்யா, சாமிக்கு உசிரே இல்ல!"

அப்போதாவது கூட்டத்துக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? முன்வரிசையில் நான்கு பேர் காலில் விழுந்தார்கள். "உசிரில்லாமலே பேசுதாரே, எப்பேர்ப்பட்ட சித்தர்!"

விஜிதா ஸ்டெத்தாஸ்கோப்பை வாங்கினாள். நெஞ்சில் வைக்கும் வட்டைக் குழாயிலிருந்து கழற்றினாள். உள்ளே விரலை விட்டு இழுத்தாள். நூல் வந்தது. ஒரு சாண் வந்தது, ஒரு முழம் வந்தது, சிவப்பும் பச்சையுமாக வந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, இது நம்ம தறிக் கழிவு நூல்லா!" என்றார் காளிராஜ்.

"ஆமாப்பா. காலையில நான்தான் திணிச்சேன், ஊசி வச்சுக் குத்திக் குத்தி. இதுல லாரி ஹாரன்கூடக் கேக்காது. சாமிக்கு மட்டும் எம்.பி.பி.எஸ். ரெண்டு தடவை கேட்டிருக்கு."

சித்தரின் செந்தமிழ் அந்த நொடியே செத்தது. "ஏலே, வண்டிய எடுலே!" என்று உதவியாளைப் பார்த்துக் கத்திவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஓடினார். இதயத்துடிப்பு இல்லாதவருக்கு நல்ல வேகம்.

தங்கப்பழம் திகைத்து நின்றார். "அப்போ எம் மகன் என்ன படிக்கணும்னு யார்ட்டதான் கேக்க?"

"அவன்ட்டக் கேளுங்க அண்ணாச்சி" என்றாள் விஜிதா.

"இவன்ட்டயா?" என்று தங்கப்பழம் மகனைப் பார்த்தார். பதினேழு வருஷமாக வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு வாய் இருப்பதை அப்போதுதான் கவனித்தவர் போலிருந்தது அந்தப் பார்வை.

காளிராஜ் மறுநாள் முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பதினொரு மணிக்கு விஜிதா நர்சிங்கில் சேர்ந்தாள்.

மூளையைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு அடுத்த மண்டபத்தைத் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மனித நெஞ்சு நிமிஷத்துக்குச் சுமார் எழுபத்திரண்டு முறை துடிக்கும். வேறெதுவும் சொல்லாது.