போத்தல் கண்டக்டரும் பத்தொன்பது நாள் குஞ்சுகளும்

இலங்கையிலேயே பிரசவ லீவு கேட்கத் தகுதியுள்ள ஒரே ஆண் கண்டக்டர், ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு ஓடும் எங்கள் பஸ்ஸில்தான் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தேயிலைத் தோட்டம் முழுக்க அவர் போத்தல் கண்டக்டர். வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். மனிதர் பால் போடாத பிளேன்டீயைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. அவருடைய போத்தல்களில் இருந்தவை மீன் குஞ்சுகள்.

டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடிதான் மலைக் குளிரில் எங்கள் பஸ்ஸின் முதல் வகுப்பு. அந்தச் சூட்டில் உட்காரச் சண்டையே நடக்கும். அவரோ அதை யாருக்கும் தராமல், கடைகளில் இனிப்பு போட்டு வைக்கும் பெரிய டொபி போத்தல்கள் இரண்டைத் துணி சுற்றி அங்கே வைத்திருப்பார். உள்ளே ஏஞ்சல் மீன் குஞ்சுகள். வீட்டில் கரண்ட் போனால் சூட்டுக்கு வைத்த பல்பு அணையும், தண்ணீர் ஜில்லிடும், குஞ்சு செத்துவிடும். பஸ்ஸில் அந்தப் பயம் இல்லை.

"காத்துக்கு என்ன அண்ணே பண்றீங்க? பம்பு வேணுமே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நம்ம ரோட்டுக்கு எதுக்கு தங்கச்சி பம்பு? ஒவ்வொரு குழியும் ஒரு பம்பு தான்."

வளைவு வந்தால் டிரைவரைப் பார்த்துக் கத்துவார்: "மெதுவா போ மூர்த்தி! புள்ளைங்க இருக்கு!"

கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "அப்ப நாங்கெல்லாம் யாரு? உருளைக்கெழங்கு மூட்டையா?"

"நீங்க வளந்த மீனு அக்கா. குலுங்கினா ஒண்ணும் ஆவாது."

இன்னொரு நாள், தாகத்தோடு ஏறிய பெரியவர் ஒருவர் போத்தலைத் திறந்து வாய்வரை கொண்டு போய்விட்டார். பின்கதவில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், இத்தனை பேர் தலைக்கு மேல் எப்படி வந்தார் என்று இன்றும் யாருக்கும் விளங்கவில்லை. "ஐயா, ஐயா, குடிச்சிராதீங்க! உள்ள இருநூறு பேரு இருக்காங்க!" டிக்கட் பரிசோதகர் ஏறி, இதற்கு டிக்கட் எங்கே என்று கேட்டபோதும் அசரவில்லை. மூன்று வயதுக்குக் கீழே டிக்கட் கிடையாது என்று சிங்களத்தில் விளக்கினார். பரிசோதகர் சிரித்தபடியே இறங்கிப் போனதை நானே பார்த்தேன்.

இத்தனை பாடும் சும்மா இல்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மீன் தொட்டியும் பறவைக் கூடும் விற்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் கடை இருந்தது. நானா ஒருமுறை சொல்லியிருந்தார்: "இந்தக் குளிர்ல ஏஞ்சல் குஞ்சு வளராது தம்பி. நானே கொழும்புல இருந்துதான் எடுக்கிறேன். ஒரு ரூபாக் காசு அளவுக்கு வளத்துக் கொண்டு வாங்க பாப்பம், கடையில இந்த மூலையை உங்களுக்கே தாரேன்." விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, கண்டக்டர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருடம் மிதிபலகையில் நின்ற மனிதர். "முழங்கால் ரெண்டும் எப்பவோ பென்சன் வாங்கிருச்சு. நான் மட்டும்தான் இன்னும் வேலையில இருக்கேன்," என்பார். அவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த மூலைதான் அந்த இடம்.

முதல் ஈட்டு முட்டைகளைத் தாய் மீனே தின்றுவிட்டது. இரண்டாவது ஈடு நீந்தத் தொடங்கி மூன்றாம் நாள் செத்துப் போனது. அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். கையில் போன் இருந்தது. உலகத்தில் உள்ள மீன் வீடியோ எல்லாம் பார்த்திருந்தேன். "அவிச்ச முட்டை மஞ்சக்கருவ நிறுத்துங்கண்ணே, அதுதான் அழுகித் தண்ணியக் கெடுக்குது. உப்புத் தண்ணியில முட்டை பொரிஞ்சு வர்ற பொடி இறால் குடுங்க. மிச்சம் கிடந்தா உடனே எடுக்கணும். தினமும் கொஞ்சம் தண்ணி மாத்தணும், அதே சூட்டுல," என்று பஸ் முழுக்கக் கேட்கப் பாடம் நடத்தினேன். அவர் டிக்கட் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் சயன்ஸ் தங்கச்சி. எனக்கு எப்போதும் ஒரு சீட் இருந்தது.

மூன்றாவது ஈடு பிழைத்தது. ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. ஊசி போல இருந்தவை முக்கோணமாக விரிந்தன. மேலும் கீழும் மெல்லிய இறக்கை முளைத்தது. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. பதினெட்டாம் நாள், சனிக்கிழமை, அவர் கொஸ்லந்தைக்குப் போக வேண்டியிருந்தது. தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் போகாமல் தண்ணீர் ஊற்ற முடியுமா? இரண்டு போத்தலையும், சூட்டுக்கு வைக்கும் பல்பையும் என் கையில் கொடுத்தார்.

"காலையில ஒரு சொட்டு எறா, மத்தியானம் ஒரு சொட்டு, சாயந்தரம் ஒரு சொட்டு. அழுதாலும் கூடக் குடுத்துறாத."

"மீனு அழுமாண்ணே?"

"அழுவாது. ஆனா பாக்கும்."

எங்களுடையது பத்துக் காம்பரா லயம், ஒரே வரிசையில் ஒட்டிய வீடுகள். பத்து வீட்டுக்கும் ஒரே பீலி. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே தண்ணீர் பிடிக்கப் போனபோது, என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுல இருநூறு குஞ்சு இருக்கு, வந்து பாருங்க!" என்றேன். வேலை இல்லாத நாள். எல்லோரும் வந்தார்கள். பச்சைப்பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு வரும் பழக்கம் எங்கள் லயத்தில் இல்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா, பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பது போல, சின்னக் கிண்ணத்தில் சீனித் தண்ணீர் கொண்டுவந்தார். "பொறந்து பத்தொம்பது நாளாச்சு, இன்னும் சேனை வைக்கலயாடி? பாவம்டி புள்ளைங்க."

"அக்கா, அது மீனு."

"மீனுன்னா வாய் இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன். அவர் விரலை நனைத்து, ஒரு சொட்டுச் சேனை வைத்தார். வீடியோ அவ்வளவு அழகாக வந்தது. பிறகு ஒருவர் பிஸ்கட்டைத் தூளாக்கிப் போட்டார். இன்னொருவர் தேங்காய் ரொட்டித் துணுக்கு. பத்து வீடும் முறை செய்தது. ஒரு சொட்டுதானே, ஒரு துணுக்குதானே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். இதெல்லாம் தெரியாத புஷ்பம் அக்கா மேல் குற்றமில்லை. மிச்சம் அழுகும் என்று பஸ்ஸுக்கே பாடம் எடுத்தவள் நான். சாயங்காலம் தண்ணீர் லேசாக வெளுத்திருந்தது. மாற்றியிருக்க வேண்டும். வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலையில் தண்ணீர் கஞ்சி போலிருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

போத்தல்களோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். சட்டையில் மஞ்சள் கறையோடு, எனக்கென்று ஒரு பை நிறையப் பலகாரத்தோடு கண்டக்டர் இறங்கினார். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். சேனை என்றதும் அவர் உதடு லேசாகச் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

"பசியோட போகலல்ல?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் டிக்கட் போடப் போய்விட்டார்.

பதுளையில் நேராக நானாவின் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான். வெறும் போத்தலைப் பார்த்ததுமே நானா, "நான் அப்பவே சொன்னேன் தானே தம்பி, குளிருன்னு," என்றார்.

கண்டக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா நானா. நீங்க சொன்னது சரி. குளிரு தாங்கல."

பாடம் நடத்தத் தெரிந்த என் வாய்க்கு உண்மையைச் சொல்லும் அந்த ஒரு வரி வரவில்லை. அடுத்த மாதமே அந்த மூலையில் போன் உறைகள் தொங்கின. இன்ஜின் மூடியில் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் நான்காவது ஈடு வைக்கவில்லை. எனக்குச் சீட் மட்டும் பிடித்துவைத்தார், "வா சயன்ஸ் தங்கச்சி" என்று எப்போதும் போலவே. திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

இப்போது நான் வேறு ஊரில் படிக்கிறேன். அவர் இன்னும் மிதிபலகையில்தான் நிற்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை நானா வாரம் தவறாமல் வாங்குவார், எனக்குத் தெரியும். அதனால் அன்று கடை வாசலில் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நானா, அந்தக் குஞ்சுகளைக் கொன்றது உங்கள் ஊர்க் குளிர் இல்லை, நான். அந்த அண்ணனுக்குக் குஞ்சு வளர்க்க நன்றாகவே தெரியும்.