நாவல்மரத்தடி கார்

ஒரு காட்டில் மரங்களைவிடக் கார்கள் அதிகமாகிவிட்டன. முயல் வளையிலிருந்து தலையை நீட்டினால் டயரில்தான் இடித்துக்கொண்டது. கடுப்பாகிப்போன சிங்கராஜா ஒரு சட்டம் போட்டார்: "நிறுத்துவதற்கு மரநிழல் இருந்தால்தான் கார். இல்லாதவர்களுக்கு பஸ். நிழல் காலியானால், முந்தி வந்து நிறுத்துகிறவருக்கே அது சொந்தம்."

பொன்னுரங்கம் என்ற கரடியின் மனைவி செங்கமலத்துக்கு நிறைமாதம். வலி எடுத்தால் பஸ்ஸுக்காகக் காத்து நிற்க முடியுமா? இருந்த தேனையெல்லாம் விற்று, குகை வாசலில் இருந்த நாவல்மரத்தைக் காட்டி, கரடி ஒரு கார் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதை எடுக்கவே இல்லை. எடுத்தால் நிழல் போய்விடுமே! தினமும் காரைத் துடைத்துவிட்டு, வேலைக்கு பஸ்ஸில் போய்வந்தது.

நிழல் கிடைக்காத நரியோ, நிறுத்தினால் காரைப் பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து, அதிலேயே நாவல்மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரு நாள் மத்தியானம் செங்கமலத்துக்கு வலி வந்துவிட்டது. நரிக்குத்தான் முதலில் பதறியது.

"அண்ணே, அண்ணி துடிக்கிறாங்க. வண்டியை எடுங்க!"

"உன் வண்டிதான் ஓடிக்கிட்டே இருக்கே. நீயே கூட்டிட்டுப் போயேன்ப்பா."

"நான் போயிட்டா நிழலை யாரு பிடிக்கிறது?"

கரடி சாவியைப் போட்டது, எடுத்தது, மறுபடியும் போட்டது.

"எனக்காக வாங்கின காருன்னு சொன்னீங்களே!" என்றது செங்கமலம்.

"உனக்காகத்தான். அதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

செங்கமலம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தது. கரடி பின்னாலேயே ஓடியது. கண்டக்டர் குரங்கு நிலைமையைப் பார்த்து விசிலடிக்க, பஸ் எங்கேயும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. வழி முழுக்கக் கரடி அழுதது. பாதி பயம், பாதி வெட்கம். நல்லவேளை, வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் குட்டி நலமாகப் பிறந்தது. இனி அந்தக் காரே வேண்டாம், நரிக்கே கொடுத்துவிடலாம் என்று கரடி முடிவு செய்தது.

விஷயம் கேள்விப்பட்டு சிங்கராஜாவே மாலையோடு வந்துவிட்டார்.

"கார் இருந்தும் பிரசவத்துக்கு பஸ்ஸில் வந்த உத்தமன்! இப்படி ஒரு பிரஜையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். என்ன பரிசு தெரியுமா? இன்னொரு கார் வைத்துக்கொள்ள அனுமதி!"

கரடி அந்த அனுமதிச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தது. செங்கமலம் குட்டியோடு பஸ் ஏறிப் போய்விட்டிருந்தது.

நீதி: கார் வாங்குமுன், வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.