ஐயாயிரம் வருடத்துத் துடக்கு

ஐயாயிரம் வருடங்களுக்கு முன் செத்துப்போன சீனக்காரர் ஒருவருக்காகத் துடக்குக் காத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் எங்கள் தெருவில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையில், மட்டும்தான் உண்டு. எங்களுக்கு அவர் துடக்கர்.

துடக்கு என்றாலும் தீட்டு என்றாலும் ஒன்றுதான். ஊரில் தூரத்துச் சொந்தம் யாராவது இறந்ததாக ஃபோன் வந்தால் நாங்கள் தலை முழுகிவிட்டு வேலைக்குப் போவோம். துடக்கர் முப்பத்தொரு நாளும் காப்பார். கோயில் வாசலை மிதிக்க மாட்டார், மீன் வாங்க மாட்டார், நல்ல காரியம் நடக்கிற இடத்தில் தன் நிழல்கூட விழ விடமாட்டார். அவருக்குச் சொந்தக்காரர் அதிகம். வருடத்தில் பாதி நாள் இப்படியே போய்விடும்.

வியா மக்வேதா தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வெள்ளைக்கார அம்மாவின், வீட்டில் அவருக்கு எட்டு வருடமாகத் துப்புரவு வேலை. அங்கே ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய ஜேட் கற்கள். நடுவில் ஓட்டையோடு வடை மாதிரி ஒன்று, பன்றித் தலையோடு சுருண்டு கிடக்கும் ஒன்று, ஒரு பக்கம் வெட்டு விட்ட சின்ன வளையம் ஒன்று. ஏதோ பேப்பர் வெயிட் என்று நினைத்துத் துடக்கர் தினமும் தூசு தட்டி வந்தார்.

ஒரு நாள் ரோமிலிருந்து சிஞ்ஞோராவின் பேத்தி வந்தாள். பழம்பொருள் படித்தவள். சும்மா இருக்காமல், இவை எல்லாம் ஆதிகாலச் சீனாவின் புதைகுழிகளில் எடுத்தவை, இந்த வளையம் செத்தவரின் காதடியில் கிடந்தது என்று விளக்கிவிட்டாள். துடக்கர் துணியைக் கீழே போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்த் தலை முழுகி, எனக்கு ஃபோன் எடுத்தார்.

“தங்கச்சி, எனக்குத் துடக்கு.”

“ஐயோ, ஆர் அண்ணை மோசம் போனது?”

“பேர் தெரியேல்லை. சீனாக்காரர்.”

“எப்ப?”

“ஐயாயிரம் வருசமாம். அறிஞ்ச நாளிலை இருந்துதானே எண்ண வேணும்? இண்டைக்கு முதலாம் நாள்.”

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கலண்டரைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய இருபத்துநாலாம் நாள் என் மகளின் கல்யாணம். முந்நூறு பேருக்குச் சமைக்க ஒத்துக்கொண்டவர் துடக்கர். அவரை விட்டால் இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. “எங்கடை சமையலை வந்து பாருங்கோ” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் ஏற்கெனவே பெருமை அடித்து வைத்திருந்தேன்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். “அவர் உங்களுக்கு என்ன முறை அண்ணை?”

“அதைத்தான் நானும் யோசிச்சனான். காதிலை கடுக்கன் போட்டிருக்கிறார், அப்ப ஆம்பிளை. என்னிலும் மூப்பு. பெரியப்பா முறைதான் வரும்.”

ஐயரைக் கேட்டேன். இவ்வளவு பிந்தி அறிந்தால் தலை முழுகினால் போதும் என்றார். துடக்கர் மசியவில்லை. “ஐயருக்கு என்ன தெரியும்? அவருக்குச் சீனாவிலை ஆக்கள் இருக்கினமோ?”

அடுத்த நாள் ஸ்டேஷன் பக்கத்துச் சீனக்காரன் கடைக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார். கைகளைக் கூப்பி, கண் கலங்கி, “கொன்டொல்யான்ஸே” என்றாராம். கடைக்காரன் வெலவெலத்துப்போய்க் கடையைப் பூட்டிவிட்டு, சீனாவில் இருக்கிற தாய்க்கு ஃபோன் போட்டிருக்கிறான். தாய் சுகமாகத்தான் இருந்தாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “செத்தவருக்குக் காட்டுற மரியாதையிலை கால்வாசியை என்ரை பிள்ளைக்குக் காட்டினால் என்ன?” என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எட்டு வருசமா அந்தாளின்ரை கடுக்கனைப் பாட்டுப் பாடிக்கொண்டு தூசு தட்டினனான் தங்கச்சி. செத்தவற்றை சாமான் எண்டு தெரியாமல் போச்சு. எனக்கு வெக்கமா இருக்கு.” பிறகு தன் ஃபோனை எடுத்துப் பார்த்து, “துடக்கு ஃபோனுக்குள்ளாலை வராதுதானே?” என்றார்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில், தாடியோடு, காலையிலேயே வந்து நின்றுவிட்டார். அவர் வீடியோவில் பார்த்துச் சொல்ல, மண்டபத்துச் சமையலறை அலுமாரியில் ஒரு ஃபோனைக் கட்டி வைத்தோம். அடுப்படியில் தேத்தண்ணி மட்டும் போடத் தெரிந்த என் கணவரும் அவருடைய மூன்று கூட்டாளிகளும்.

“கிண்டுங்கோடா! பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்! சாம்பாரைக் கிட்டக் காட்டு. நிறம் காணாது!”

“உப்புச் சரி அண்ணை.”

“உன்னை ஆர் கேட்டது? ஒரு வாய் குடிச்சிட்டு முகத்தைக் காட்டு.”

முகத்தைப் பார்த்தே உப்புப் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார்கள். சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார் சம்பந்தி. நான் ஜன்னலைக் காட்டினேன். வெளியே வெஸ்பா ஸ்கூட்டர்களுக்கு நடுவில் ஒருவர் பாயசத்தை இறக்கச் சொல்லித் தன் ஃபோனை ஏசிக்கொண்டிருந்தார்.

பந்தி தொடங்குமுன், தாலி ஏறியதும், மகள் கூறைச்சேலையோடு வெளியே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

“கிட்ட வராதை பிள்ளை! அங்கையே நில்லு!” என்று அலறிக்கொண்டு துடக்கர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் தெருவின் இந்தப் பக்கத்திலேயே நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். வந்த கார்கள் நின்றன. அவர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். கண்ணீர் தாடிக்குள் ஓடியது.

இருபத்துநாலு நாளும் நான் அவரைத் திட்டாத திட்டில்லை. உள்ளே மணவறையைச் சுற்றி முந்நூறு பேர் நின்றார்கள். என் பிள்ளைக்குத் தாய்மாமனாக நின்றவர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற அந்த மனிதர்தான்.