மலைப்பாம்புக்கு ஒரு டின் மைலோ

நோய் விசாரிப்பவர் என்றோர் இனம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கொசுவுக்காவது புகை அடிக்க ஆள் வருகிறார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டு, போர்வையை இழுத்து மூடி, அப்பாடா என்று கண் அயரும் நேரத்தில், வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தமும் “ஒரு நிமிஷம் லா, பாத்துட்டுப் போயிடுறேன்” என்ற குரலும் கேட்டால், எழுந்து உட்காருங்கள். இனித் தூக்கம் கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ரபேல் அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம். யார் படுத்தாலும் போவார், பந்திங்கில் படுத்தாலும் பஸ் பிடித்துப் போவார், கையில் பாலில் கலக்கிக் குடிக்கும் மைலோ மாவு டின் ஒன்றோடு போவார். அந்த டின்னின் பக்கவாட்டில் ஒரு நசுங்கல் உண்டு. எனக்குக் குடல்வால் ஆப்பரேஷன் நடந்தபோது அது என்னிடம் வந்தது. நான் திறக்காமல் மாரியாயி ஆன்டியின் முழங்கால் வலிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் யாருக்கோ கொடுத்து, அவர்கள் யாருக்கோ கொடுத்து, கடைசியில் ரபேல் அங்கிளுக்கே சளி பிடித்தபோது டின் சொந்த வீடு திரும்பியது. அவர் அதைத் துடைத்து அடுத்த நோயாளிக்கு எடுத்து வைத்தார்.

வந்தவர் என்ன செய்வார்? முதலில் உங்களை மேலும் கீழும் பார்த்து, “என்னாங்க இப்படி இளைச்சிட்டீங்க?” என்பார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் தானே சொல்வார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காஜாங் கார்த்திகேசுவின் கதையை எடுப்பார்.

“இதேதான். இதே மாதிரிதான் அவருக்கும் ஆரம்பிச்சுச்சு. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. பத்துக் குச்சி சாத்தே கறி கூட சாப்பிட்டாரு. மறுவாரம் ஆள் இல்ல.”

உங்களுக்குக் காய்ச்சல் என்றால் கார்த்திகேசுவுக்கும் காய்ச்சல். உங்களுக்குக் கால் சுளுக்கு என்றால் கார்த்திகேசுவும் சுளுக்கில்தான் போனார். அந்தப் புண்ணியவான் எத்தனை நோயில் செத்தார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

இனி ஜெரால்டின் விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டு டோரிஸ் பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். மற்ற நேரத்தில், கைவிடப்பட்ட பிராணிகளைக் காப்பாற்றும் ஒரு குழுவில் இருக்கிறாள். சுபாங் ஜெயாவில் வாடகை வீட்டைக் காலி செய்த யாரோ, கிழிந்த மெத்தையோடும் உடைந்த விசிறியோடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு மலைப்பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சின்ன ஜாதி. தண்ணீர் இல்லாமல், தீனி இல்லாமல், முதுகெலும்பு துருத்திக்கொண்டு, உரிய வேண்டிய பழைய தோல் உரியாமல் உடம்பெல்லாம் காய்ந்து ஒட்டி, கண்ணைக்கூட அந்தத் தோலே மூடியிருக்கக் கிடந்தது. மிருக டாக்டர் தெளிவாகச் சொன்னார்: வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வை, கூண்டில் சூடும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள், ஒளிந்துகொள்ள இருட்டான இடம் கொடு, தொந்தரவு மட்டும் செய்யாதே. பயம் தெளிந்தால்தான் அது சாப்பிடும். சாப்பிடாவிட்டால் குழாய் போட்டு ஊட்ட வேண்டும். அதை இந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம்.

டோரிஸ் அதற்கு ஜெரால்டின் என்று பெயர் வைத்தாள். வைத்தது தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பக்கத்தில் இருந்தவரிடம், “ஜெரால்டின் சாப்பிடாம கிடக்கிறா, வேண்டிக்குங்க” என்று சொன்னதுதான் தப்பு. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

அன்று மாலையே மைலோ டின் வந்துவிட்டது.

“பொண்ணு எங்க படுத்திருக்கு?”

“அங்கிள், அது வந்து…”

“நீ ஒண்ணும் சொல்லாதே. ஒரு நிமிஷம், பாத்துட்டுப் போயிடுறேன்.”

அறைக்குள் போனவர் கட்டிலைத் தேடினார். கண்ணாடிக் கூண்டுதான் இருந்தது. “மாதாவே!” என்று பின்வாங்கினார். வேறு யாராவது என்றால் அப்படியே வெளியேறியிருப்பார்கள். ஆனால் கையில் மைலோ இருக்கிறதே? கொண்டு போன டின்னோடு திரும்புவது இந்த இனத்தின் வழக்கமில்லை. டின்னைக் கூண்டின் மேல் வைத்தார். நாற்காலியை இழுத்தார். மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

“என்னா ஜெரால்டின், இப்படி இளைச்சிட்டே?”

ஜெரால்டின் பந்தாகச் சுருண்டாள். அவர் அவளுக்குக் கார்த்திகேசுவின் கதையைச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். அன்று வைத்த எலி அப்படியே கிடந்தது.

மறுநாள் கமலநாதன் என்ற நண்பரைக் கூட்டி வந்தார். அவர் மஞ்சள் அரைத்துத் தடவச் சொன்னார். மாரியாயி ஆன்டி ஒரு டம்ளர் பாலோடு வந்து, பாம்பு குடிக்காததால் தானே குடித்துவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியைத் தட்டினார்கள். தட்டத் தட்ட அவள் இறுகினாள், இன்னும் இளைத்தாள். டாக்டர் போனில் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டோரிஸின் முகத்தைப் பார்க்க, பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்கும் எனக்கே மனசு கேட்கவில்லை.

“அங்கிள், யாரும் வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்று டோரிஸ் சொல்லிப் பார்த்தாள்.

“கரெக்ட். யாரையும் உள்ள விடாதே. நான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன், எவன் வர்றான்னு பாத்துடலாம்.”

இவரை நீங்கள் என்ன செய்வீர்கள்?

டோரிஸ் பூக்கடைக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலை வாங்கி வந்து வாசல் கிரில்லில் கட்டினாள். ரபேல் அங்கிள் மாதா கோயில் பூசை தவறாதவர்தான். ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, உள்ளே நுழையக் கூடாது என்பது நம் ஆட்களின் காலுக்கே தெரியும், அது ஞானஸ்நானம் வாங்கிய கால் என்றாலும். படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

“யாருக்கு டோரிஸ்?”

டோரிஸ் பொய் சொல்ல மாட்டாள். “ஜெரால்டினுக்குத்தான் அங்கிள். உடம்பெல்லாம் வெளுத்துப் போய், தோல் உரியுது.”

“அம்மா தாயே!” என்றார் அந்தோணியார் பக்தர். திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி ஓடினார்.

அதன் பிறகு அந்த வீட்டில் அமைதி. பழைய தோல் துண்டு துண்டாகக் கழன்று, கண்ணை மூடியிருந்ததும் உதிர்ந்தது. ஒரு மாலை டோரிஸ் இடுக்கியில் எலியை நீட்ட, ஜெரால்டின் தலையைத் தூக்கினாள், நாக்கை நீட்டி மோப்பம் பிடித்தாள், அப்புறம் ஒரே கவ்வு. டோரிஸ் சத்தம் போடாமல் நழுவி வந்து, என் வீட்டுக்குள் நின்று சத்தம் போட்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. “ஒரு நிமிஷம், பாத்துட்டு…” என்று எழுந்தேன். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ரபேல் அங்கிள் திருந்தினாரா? இந்த இனம் திருந்தாது. ஆனால் கதை மாறிவிட்டது. போன வாரம் கிள்ளானில் ஒரு நோயாளியின் தலைமாட்டில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இதேதான். நம்ம ஜெரால்டினுக்கும் இதே மாதிரிதான். எலும்பும் தோலுமா கிடந்துச்சு, அம்மை வேற போட்டுச்சு. நான் ஒரு டின் மைலோ கொண்டு போய் வச்சேன். இப்ப முழு எலி முழுங்குது லா!”

நோயாளி சிரித்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். ரபேல் அங்கிள் சொன்ன கதையில் முதல் முறையாக ஒருவர் பிழைத்திருக்கிறார். காஜாங் கார்த்திகேசுவும் ஒருவழியாக நிம்மதியாகக் கண் மூடினார்.

அங்கே நான் எதற்குப் போனேன் என்கிறீர்களா? சும்மாதான், ஒரு நிமிஷம். என்னை விடுங்கள். ஜெரால்டின் இப்போது எப்படி இருக்கிறாள், எந்த மாடி, ஒரு நடை போய் எட்டிப் பார்த்தால் என்ன என்று உங்களுக்கு ஓர் அரிப்பு வரவில்லை? வேப்பிலை இன்னும் கிரில்லில்தான் தொங்குகிறது, சொல்லிவிட்டேன். அந்த மைலோ டின்னை டோரிஸ் யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். யாருக்கென்று அவளுக்கு ஞாபகமில்லை. எதற்கும் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் நசுங்கிய டின் ஒன்று திறக்காமல் இருந்தால், அடுத்து யார் படுப்பார்கள் என்று காத்திருப்பது நீங்கள்தான்.