உங்கள் மகளின் வகுப்பும் என் தலையாட்டலும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கே உங்கள் மகள், பேத்தி, நான் மூவரும் சௌக்கியம். ஃபிரிட்ஜ் மட்டும் கொஞ்சம் அலங்கோலம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும், என் மேல் அத்தைக்கு இருந்த கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"இந்த ஆளால என் பொண்ணுக்கு என்ன பிரயோஜனம்?" என்று நீங்கள் கல்யாணத்தன்றே கேட்டது என் காதில் விழுந்தது. பதில் சொல்லும் யோகம் இப்போதுதான் வந்திருக்கிறது.

போன மாதம் உங்கள் மகள் பாடம் எடுக்கும் வகுப்பில் பின்னக் கணக்குப் பரீட்சை. பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். வேறு வாத்தியாராக இருந்தால் பிள்ளைகளைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார் (நீங்களும் கணக்கு வாத்தியாராக இருந்தவர், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது). உங்கள் மகளோ சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டாள். தப்பு பிள்ளைகளிடம் இல்லையாம், தான் சொல்லிக்கொடுத்ததில்தான் எங்கோ ஓட்டையாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாணவன் வேண்டுமென்று என்னைச் சமையலறை முக்காலியில் உட்கார வைத்து, ஃபிரிட்ஜ் கதவைக் கரும்பலகையாக்கி, ஆறை அரையால் வகு என்று எழுதினாள், அது அழியாத மார்க்கர் என்பது பிறகுதான் தெரிந்தது, தேய்த்துத் தேய்த்துப் பெயிண்டு போனதுதான் மிச்சம், அது கிடக்கட்டும், பாடத்தை முடித்துப் "புரிஞ்சுதா?" என்றாள், நானும் பலமாகத் தலையாட்டினேன், ஆபீஸில் மேனேஜர் பேசப் பேசத் தலையாட்டியே பதவி உயர்வு வாங்கின ஆள் இல்லையா நான், அவள் சட்டென்று மார்க்கரை என் கையில் திணித்து, "அப்ப எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றுவிட்டாள். திருதிருவென்று முழித்தேன்.

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், கண் கலங்கிவிட்டது மாமா. "என் கிளாஸ்லயும் இப்படித்தான் தலையாட்டுறாங்க. அதை நம்பி இத்தனை வருஷமா அடுத்த பாடத்துக்குப் போயிட்டே இருந்திருக்கேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து "புரிஞ்சுதா" என்று கேட்பதையே விட்டுவிட்டாள். பக்கத்தில் இருப்பவளுக்கு நீ சொல்லிக்கொடு, நான் கேட்கிறேன் என்கிறாள். பழக்கதோஷத்தில் வாய் தவறினால் மேசையைத் தட்டுங்கள் என்று அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க, முதல் வாரம் பள்ளிக்கூடமே அதிர்ந்ததாம். நேற்று தலைமையாசிரியை மற்ற ஆசிரியர்களையும் கூட்டிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, தாள்களைப் பாதி பாதியாகக் கிழித்துக் காட்டி விளக்கினாளாம். இந்த யோசனை எப்படி வந்தது என்று தலைமையாசிரியை கேட்க, உங்கள் மகள் அத்தனை பேர் முன்னாலும் "எங்க வீட்டுக்காரர்தான் காரணம்" என்றிருக்கிறாள். நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தன் வேலையில் தானே குறை தேடிப் பார்க்கிற பெண்ணைப் பெற்றிருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கங்கள். பேத்தி முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
பெருமை தாங்காத மாப்பிள்ளை

பி.கு.: வியாழக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் நானே வந்து அந்தக் கணக்கை விளக்க வேண்டுமென்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார். "சொல்லிடுவீங்கல்ல?" என்று உங்கள் மகள் கேட்டாள். தலையாட்டிவிட்டேன். மாமா, வகுத்தால் குறையத்தானே வேண்டும், ஆறு எப்படிப் பன்னிரண்டு ஆகிறது? அவளுக்குத் தெரியாமல் என் ஆபீஸ் விலாசத்துக்கு உடனே எழுதவும்.