கவனம் அண்ணையின் மூன்று நாள் வகுப்பு

உலகத்தில் உள்ள அத்தனை பொருட்களும் மனிதனைக் கொல்வதற்காகவே செய்யப்பட்டவை என்று முழுமனதாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் கவனம் அண்ணைதான். கத்தியும் நெருப்பும் மட்டுமல்ல. கதிரை, குண்டூசி, தேத்தண்ணிக் கோப்பை, ஈரச் சவர்க்காரம் எல்லாமே அவருடைய பட்டியலில் இருந்தன. தலையணையைப் பற்றிக்கூட அவரிடம் ஓர் எச்சரிக்கை இருந்தது. அதைக் கேட்ட பிறகு நான் இரண்டு கிழமை கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணம் குருநகர்க் கடற்கரையோரம் இருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில் எனக்கு எழுதுவினைஞர், அதாவது கிளாக்கர், வேலை கிடைத்தது. மீன்காரருக்கு ஐஸ் கட்டி செய்து கொடுக்கும் இடம். கவனம் அண்ணை அங்கே அமோனியா மெசின் ஓட்டுபவர். தண்ணீரைக் குளிரவைத்துக் கட்டியாக்குவது அமோனியாதான். அது வெளியே கசிந்தால் ஆளையும் கட்டியாக்கிவிடும் என்பது அவருடைய விளக்கம். வாயைத் திறந்தால் முதலில் 'கவனம்' என்ற சொல்தான் வரும். காலை வணக்கமும் அதுதான், பிரியாவிடையும் அதுதான். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேள்விப்பட்டதேயில்லை. சோற்றுப் பார்சல் கொண்டுவரும் அவருடைய மனைவியே வாசலில் நின்று, "கவனம் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர் எவராயினும் மூன்று நாள் அவரிடம் பாதுகாப்பு வகுப்புப் படிக்கவேண்டும். அவராகவே தொடங்கி, அவராகவே ஆசிரியராகி, அவராகவே பரீட்சையும் வைத்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போன திங்கட்கிழமை காலையிலேயே மனேச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, உமக்கு முன்னம் வந்த மூண்டு பேர் கவனத்தின்ரை வகுப்போடை ஓடிட்டினம். ஒருத்தன் செருப்பையும் விட்டிட்டு ஓடினவன். வெள்ளிக்கிழமை எல்லாரையும் வைச்சு ஒரு ஒத்திகை நடத்தச் சொல்லியிருக்கிறன். அண்டைக்கு அவரின்ரை விதிப்படி ஒருத்தர் செத்ததாக் கணக்கு வந்தாலும் வகுப்பை மூடிப்போட்டு, விதியளை ஒரு போட்டிலை எழுதிச் சுவரிலை மாட்டிவிடுவன்."

"அவருக்குத் தெரியுமோ சேர்?"

"தெரியும். சொன்ன நாளிலை இருந்து ஒழுங்காச் சாப்பிடுறேல்லையாம்."

முதல் நாள் பாடம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றிவருவது. பொம்பிளை பார்க்கப் போன வீட்டில் பெரியமாமா வளவைச் சுற்றிப் பார்ப்பதுபோல நடக்கவேண்டும். எதையும் தொடக்கூடாது. தொட்டால் மறுபடியும் வாசலில் இருந்து தொடங்கவேண்டும். கையைக் கட்டிய மறுகணம் எனக்கு மூக்குக் கடிக்கத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கடி கடித்ததில்லை. முக்கால்வாசி தூரம் பொறுத்து, ஐஸ் தொட்டியடியில் கையை அவிழ்த்துச் சொறிந்துவிட்டேன்.

"போச்சு!" என்றார் கவனம் அண்ணை, ஏதோ நான் விழுந்து செத்ததுபோல. "திரும்பி வாசலுக்கு நட."

"அண்ணை, நான் என்ரை மூக்கைத்தானே தொட்டனான்?"

"இண்டைக்கு மூக்கு. நாளைக்கு மோட்டர்ப் பட்டி. கைக்கு ஒருக்கா ருசி காட்டினால் அது நிக்காது, தம்பி."

அன்றைக்கு வாசலுக்கு ஐந்து தரம் திரும்பி நடந்தேன். கடைசியில் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் என் தட்டச்சு மெசினைக் காட்டினார். நானாவது அமோனியாவுக்குத் தூரமாக இருக்கப்போகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அந்த மெசினைச் சங்கிலியில் கட்டாத நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு தட்டச்சுச் செய்வதால் வரக்கூடிய மரணத்தை அரை மணித்தியாலம் விளக்கினார். என்னிடம் ரையே கிடையாது. "இனி வாங்காதை," என்றார்.

அந்த நேரம் வானத்தில் ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வந்தது. நாங்கள் எல்லோரும் மேசைக்கு அடியில் புகுந்தோம். கவனம் அண்ணை மட்டும் யன்னலால் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உது என்ரை பகுதி இல்லை," என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார்.

இரண்டாம் நாள் ஓட்டப் பாடம். அமோனியா கசிந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓடவேண்டும். ஓடும்போது மூக்குக்கு ஈரத்துணி பிடித்துக்கொண்டு, கூரையில் கட்டிய சிவப்புத் துணியைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று அறியவேண்டும். சோழகம், வாடை, கொண்டல் என்று கடற்கரை ஆட்களின் பாணியில் காற்றுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கொக்குவிலில் மதிலுக்குள் வளர்ந்த எனக்குக் காற்று என்றால் மேலே சுற்றும் மின்விசிறி மட்டும்தான்.

நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன். நல்ல வேகமாகத்தான் ஓடினேன். ஓடிப்போய்ச் சைக்கிள் கொட்டிலுக்குள் குனிந்து என் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"செத்திட்டாய்."

சைக்கிள் கொட்டில், அமோனியாவை நிரப்பிவைத்த தாங்கிக்கு நேர் பின்னால் இருந்தது. நாள் முழுக்க நிழல் விழும் இடம் அது ஒன்றுதான். வெயிலில் விட்டால் ரியூப் வெடிக்கும் என்று எவரோ ஒரு புண்ணியவான் அங்கே கட்டியிருந்தார்.

"அண்ணை, அது அப்பா வாங்கித் தந்த றலிச் சைக்கிள். அதை விட்டிட்டு எப்பிடி ஓடுறது?"

கவனம் அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். "எல்லாரும் உங்கைதான் சாகிறியள். பெரிய கிளாக்கர் மூண்டு தரம் செத்தவர். மனேச்சரும் ஒருக்காச் செத்தவர், சைக்கிள் பம்பையும் எடுத்துக்கொண்டு. கடவுளே வந்து ஓடு எண்டாலும் யாழ்ப்பாணத்தான் சைக்கிளை விட்டிட்டு ஓடமாட்டான். இதுக்கு நான் என்ன பாடம் படிப்பிக்க?"

மூன்றாம் நாள் பாடம் ஐஸ் கட்டி சறுக்குவதைப் பற்றியது. ஆனால் அவருக்குப் பாடத்தில் மனமில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "வெள்ளிக்கிழமையோடை சரி," என்றார்.

"போட் போட்டாலும் அதே விதிதானே அண்ணை?"

"போட்டிலை விதி இருக்கும், தம்பி. மூக்கைச் சொறியிறவனைப் போட் கண்டுபிடிக்குமோ? ஓடாதவனைத் தேடிப் போட் இறங்கி வருமோ? இஞ்சை வேலைக்கு வாற பொடியளை, வந்த மாதிரியே வீட்டை அனுப்பவேணும். எனக்கு வேறை ஒண்டும் தெரியாது."

இரண்டு நாளாக இந்த மனிதரை வைத்து வீட்டில் எல்லோரையும் சிரிக்கவைத்த எனக்கு அன்றைக்கு வெட்கமாகிவிட்டது. ஆட்களை மாற்ற அவரால் முடியவில்லை. கொட்டிலை மாற்றினால் என்ன?

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், ஐஸ் இழுக்கும் கைவண்டிலை எடுத்தேன். பூட்டியபடியே இரண்டிரண்டு சைக்கிளாக ஏற்றி முன்வாசலில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினேன். எங்கள் ஊரில் வண்டில் தள்ளுகிறவனை ஒருவரும் மறித்து விசாரிப்பதில்லை. விசாரித்தால் தள்ளச் சொல்லிவிடுவான் என்ற பயம். வேலையை முடித்து, வண்டிலைப் பின்பக்கம் விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கலாம் என்று கடற்கரைப் பக்கத்துச் சின்னக் கதவால் வெளியேறி வீதியைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

மணி அடித்தது. ஒத்திகை உண்மைபோல இருக்கவேண்டும் என்று கவனம் அண்ணை தாங்கியடியில் ஈரத் தேங்காய்ப் பொச்சைக் கொளுத்திப் புகை போட்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் வாசற்படியால் பாய்ந்தார்கள். பழக்க தோசத்தில் கொட்டில் பக்கம் திரும்பினால், கொட்டில் வெறுமை.

"ஐயோ, என்ரை சைக்கிள்!" என்று பெரிய கிளாக்கர் வைத்த சத்தம் பாசையூருக்கே கேட்டிருக்கும். அடுத்த நொடி முன்வாசலில் வரிசையைக் கண்டார்கள். பிறகு ஓடினார்கள் பாருங்கள் ஓர் ஓட்டம்! இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நாரிப்பிடிப்புக்காரர் எல்லோரும் முன்னுக்கு வந்தார்கள். ஒருவர்கூடக் கொட்டிலுக்குள் காலை வைக்கவில்லை. மனேச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கவனம் அண்ணைக்கு முகமெல்லாம் பல். விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார்.

"ஒராள் குறையுது. புதுக் கிளாக்கர்ப் பொடியன் எங்கை?"

"கொஞ்சம் முன்னம் கொட்டில் பக்கம் வண்டில் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டனான்," என்றார் பெரிய கிளாக்கர், சைக்கிளின் மட்காட்டைத் தடவிக்கொண்டே.

அந்த நேரம் நான் வீதி மூலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்வாசல் படலைக்குள்ளால் எனக்கு எல்லாம் தெரிந்தது. கவனம் அண்ணை ஓடினார். வாசலுக்கு அல்ல, தாங்கிப் பக்கம். சிவப்புத் துணியைப் பார்க்கவில்லை. மூக்குக்கு ஈரத்துணி பிடிக்கவில்லை. தான் வைத்த மணி, தான் போட்ட புகை என்பதெல்லாம் மறந்துபோய், "தம்பி! தம்பி! எங்கையடா நிக்கிறாய்?" என்று கத்திக்கொண்டு அந்தப் பொச்சுப் புகைக்குள் நேரே பாய்ந்தார்.

"அண்ணை, இது ஒத்திகை!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஆர் கேட்டது?

நான் ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடித்தேன். கண்ணெல்லாம் சிவந்து இருமிக்கொண்டு நின்றார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"விசரா! எங்கையடா போனனி?"

மனேச்சர் மெதுவாக நடந்து வந்தார். "கவனம், ஒருத்தர் செத்தாலும் வகுப்பில்லை எண்டனான்."

"ஓம் சேர்," என்றார் கவனம் அண்ணை, என் சட்டையை விடாமல். "நான் செத்திட்டன். வகுப்பை மூடுங்கோ."

சைக்கிள் வரிசை, கைவண்டில், சின்னக் கதவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். மனேச்சர் வாசலைப் பார்த்தார், வெறும் கொட்டிலைப் பார்த்தார், கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற கவனம் அண்ணையைப் பார்த்தார்.

"சைக்கிள் கொட்டில் இனி முன்வாசலிலைதான்," என்றார். "திங்கட்கிழமை ஒரு புதுப் பொடியன் வாறான். மூண்டு நாள் காணுமோ?"

"நாலு நாள் வேணும் சேர்."

நாலாம் நாள் பாடம் ஒரே ஒரு விதிதான்: வெளியே வந்த பிறகு எவரையும் தேடித் திரும்ப உள்ளே ஓடக்கூடாது. எத்தனையோ புதுப் பொடியன்களுக்கு அதை அவர் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்ததை நான் அலுவலக யன்னலால் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடம் நடக்கும்போது மட்டும் அவர் என் யன்னல் பக்கம் திரும்புவதேயில்லை. மறுபடியும் மணி அடித்து ஒரு தலை குறைந்தால், தான் வெளியே நிற்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு அன்பு.